நாத்தனார் பொருத்திய மீட்டர்

என் பிக்அப்பில் கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த சூட்டு மீட்டரின் முள் ஒரு பொய்க்காரன். பெக்கான் நானாஸில் அன்னாசித் தோட்டத்துக்குள் பாரம் ஏற்றிக்கொண்டு, கறுப்புச் சதுப்பு மண்ணில் முதல் கியரில் ஊர்ந்து வந்த ஒரு காலையில் அதைக் கண்டுபிடித்தேன். பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. நான் முள்ளைப் பார்த்தேன். நடுவில் நின்றது. இஞ்சின் இழுக்காமல் திணறியது. மறுபடி பார்த்தேன். அப்போதும் நடுவில்தான், கோயில் சிலைபோல. அப்புறம் வண்டி நின்றே போனது. ஒர்க்‌ஷாப்காரர் இஞ்சினைப் பிரித்து, மேல்மூடியான ஹெட் சூட்டில் வளைந்துவிட்டது என்றார். முள் ஏன் ஏறவில்லை என்று கேட்டேன். இந்த வண்டிகளில் தண்ணீர் நல்லபடி சூடானதும் முள் நடுவுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும், ரொம்ப மோசமானால்தான் எழுந்திருக்கும், ஓட்டுகிறவர்கள் பயப்படக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள் என்றார். நான் பயப்படாமல்தான் இருந்தேன். இஞ்சின்தான் வெந்துபோனது.

அந்த வண்டிதான் என் பிழைப்பு. தோட்டத்தில் பழம் வாங்கி, பெர்மாஸ் ஜெயா பசாரில், சந்தைக் கடைகளுக்கு, இறக்குவேன். அதற்கு முன்னால் சிங்கப்பூரில் ஃபாக்டரி வேலை. விடியும் முன்னே பஸ், எல்லைப் பாலத்தில் நெரிசல், இருட்டில் போய் இருட்டில் வீடு. அதை விட்டுவிட்டுத்தான் வண்டி வாங்கினேன். ஹெட்டைச் சரிசெய்து வண்டி வீட்டுக்கு வந்த அன்று என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, தட்டிலிருந்து தலையை எடுக்காமல், தீர்ப்பு சொன்னார்.

"இன்னொரு தடவ கொதிச்சா வித்துடுவேன். நீ பழையபடி பஸ் ஏறிக்கலாம்."

நான் பாத்திரங்களைக் கழுவிய சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

இந்தச் செய்தி என் பெரிய நாத்தனாருக்கு எப்படிப் போனதென்று தெரியாது. வீட்டுக்காரரின் அக்கா. பெர்மாஸ் ஜெயாவில் தனியாக இருக்கிறார். என்னை வேலையில் சேர்த்துவிட்டதே அவர்தான். நான் விட்டுவிட்டு வந்த அந்த ஃபாக்டரியில் அவர் இன்னும் ஒயர் இணைக்கும் பிரிவில் இருக்கிறார். எனக்கும் அவருக்கும் ஆகாது. கல்யாணத்தன்றே என் சேலை மடிப்பு சரியில்லை என்று பத்துப் பேர் முன்னால் சொன்னவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் வாசலில் என்னைப் பிடித்தார்.

"வண்டி சாவி எங்க?"

"எதுக்கு?"

"ஜேபி டவுனுக்குப் போலாம். சூடு காட்டுற மீட்டர் தனியா விக்கிறான். வாங்கி மாட்டுவோம்."

"யாரு மாட்டுறது?"

"உன் புருஷனா மாட்டப்போறான்? நான்தான்."

கடை முழுக்க மீட்டர்கள் மின்னிக்கொண்டிருந்தன. கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளைதான், ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. ஏழு நிறம் மாறும் மீட்டரைப் போட்டுக் காட்டினான். முள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடித் திரும்பியது. இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று காட்டும் மீட்டரைத்தான் எல்லாரும் முதலில் வாங்குவார்கள் என்றான்.

"அது தெரிஞ்சு நான் என்ன பண்ண?" என்றேன்.

"ஸ்டைல் லா, அக்கா."

"அன்னாசிக்கு எதுக்குடா ஸ்டைல்?"

நாத்தனார் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, மீட்டரைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். ஒயர் எவ்வளவு கனம், இணைப்பு கழன்று வருமா, சென்சார் கூட வருகிறதா. புகைக்குழாய்ச் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்று இருந்தது. அதற்கு டர்போவுக்குப் பக்கத்தில் துளை போட வேண்டும், இரும்புத் தூள் உள்ளே போனால் டர்போ காலி என்றதும் நான் வேண்டாம் என்றேன். எனக்குத் தண்ணீர்ச் சூடு ஒன்று போதும். அவர் ஆயில் அழுத்தமும் வேண்டும் என்றார். கடை நடுவில் நின்று சண்டை போட்டோம். தம்பி வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டான். கடைசியில் இரண்டையும் வாங்கினோம்: கறுப்பு முகம், வெள்ளை எண்கள், ஒரே நிற விளக்கு. விடியற்காலை இருட்டில் கண்ணைக் கூசக் கூடாது என்று அவர் சொன்னது நியாயம்தான். அன்றைக்கு நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

வண்டியில் திரும்பும்போது கேட்டேன். "உங்களுக்கு ஏன்க்கா இவ்வளவு அக்கறை?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் ஏறுற பஸ்ல நீயும் ஏற வேணாம். ஒரு ஆளு போதும்."

நான் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

மீட்டர் பொருத்திய அந்த மத்தியானத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றி, பழைய பெட்ஷீட்டை விரித்து, அதன்மேல் சாமான்களை ஆபரேஷனுக்கு அடுக்குவதுபோல அடுக்கினார் நாத்தனார். முன்கண்ணாடி ஓரத்துத் தூணில் இரண்டு மீட்டருக்கும் கிண்ணம்போல ஓர் உறை. என் சீட்டில் என்னை உட்காரவைத்து, தலையைத் திருப்பாமல் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அதை ஒட்டினார். ஒவ்வொரு ஒயருக்கும் சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை, அதற்குமேல் டேப். எங்கும் ஒரு நூல் கம்பிகூட வெளியே தெரியாது. கை அழுக்கு என்று என்னை ஒயரைத் தொடவே விடவில்லை. ரேடியேட்டரின் மேல்குழாயை நடுவில் வெட்டி, அலுமினியத் துண்டு ஒன்றைச் செருகி, அதில் சென்சாரைத் திருகுகிற வேலை மட்டும் எனக்கு. வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஏரோப்ளேன் ஓட்டப்போறீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாத்தனார் திரும்பிப் பார்த்த ஒரு பார்வையில் நாற்காலியோடு உள்ளே போனார்.

எல்லாம் முடித்து வண்டியைக் கிளப்பினோம். ஆயில் முள் அழகாக எழுந்து நின்றது. தண்ணீர் முள் அடியில் படுத்துக் கிடந்தது. காத்திருந்தோம். இஞ்சின் சூடாகிக் கையை வைக்க முடியவில்லை. முள் அசையவில்லை.

"இது இன்னும் பெரிய பொய்க்காரன்," என்றேன்.

"ஒயரிங்ல தப்பு இல்ல. நீ சென்சார ஒழுங்கா மாட்டல."

"நான் ஒழுங்காத்தான் மாட்டுனேன். உங்க ஒயரிங்தான் தப்பு."

"பதினாறு வருஷமா இதே வேலைதான் செய்றேன். என்கிட்ட ஒரு பீஸ் திரும்பி வந்ததில்ல."

இஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்ட நிலையில் விட்டோம். அவர் சீட்டில் உட்கார்ந்து முள்ளை முறைத்துக்கொண்டிருந்தார். நான் கோபத்தில் ஸ்பேனரை எடுத்து சென்சாரை இன்னும் ஒரு சுற்று இறுக்கப் போனேன். ஸ்பேனரின் மறுமுனை இஞ்சின் இரும்பில் இடித்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏய், ஏறுது. என்ன செஞ்ச?"

கையை எடுத்தேன்.

"போச்சு. விழுந்துருச்சு."

மறுபடி தொட்டேன். "ஏறுது." எடுத்தேன். "விழுது." தொட்டேன், எடுத்தேன், தொட்டேன். இரண்டு பேரும் குழந்தைகள்போல அதையே செய்துகொண்டிருந்தோம். சென்சாருக்கு எர்த் இல்லை. இரண்டு பக்கமும் ரப்பர் குழாய், நடுவில் அலுமினியம். மின்சாரம் திரும்பிப் போக வழியே இல்லை. ஸ்பேனர் பாலம் போட்டதும் முள் எழுந்துவிட்டது.

"பெட்டியில எர்த் ஒயர் எதுவும் வரலியா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. இறங்கி வந்து, குப்பைப் பையைப் பெட்ஷீட்டில் கொட்டி, குட்டையான கறுப்பு ஒயர் ஒன்றை எடுத்தார். ஒரு முனையில் வளையம், மறுமுனையில் செம்புக் கம்பி உறையில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது.

"கம்பி வெளிய தெரிஞ்சுச்சு. ரிஜெக்ட் பீஸ்னு தூக்கிப் போட்டேன்," என்றார். "எங்க லைன்ல இப்படி வந்தா எடுத்து எறிஞ்சிடணும்."

நான் சிரித்த சிரிப்பில் பானெட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவருக்கு முதலில் கோபம். அப்புறம் அவரும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அந்த ஒயரை அவரே மாட்டினார். செம்புக் கம்பி நன்றாகவே வெளியே தெரிய, இஞ்சின் போல்ட்டில் இறுக்கினார்.

மழைக்காலம் வந்தது. சதுப்பு மண் குழம்பாகிவிட்டது. முழுப் பாரத்தோடு தோட்டத்துக்குள்ளிருந்து வரும்போது கம்பெனி முள் நடுவில்தான் இருந்தது. பக்கத்தில் புது முள் நூறு டிகிரியைத் தாண்டியது. விற்றுவிடுவேன் என்ற பேச்சு காதில் கேட்டது. வண்டியை ஓரம் கட்டினேன். முள் இறங்கும்வரை இஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, நிறுத்தி, பானெட்டைத் திறந்தேன். ஆவி இல்லை, கசிவு இல்லை. ரேடியேட்டரின் இடுக்கெல்லாம் சேறும் அன்னாசி இலை நாரும் சுவர்போல அடைத்திருந்தன. காற்றுக்கு வழியே இல்லை.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். மோட்டார் சைக்கிளில் வந்தார். சாவியைப் போட்டு இரண்டு முள்ளையும் காட்டினேன். இத்தனை நேரம் ஆறியும் புது முள் இன்னும் எண்பதில் இருந்தது. எது வரை ஏறியது என்று சொன்னேன். அவர் ரேடியேட்டர் நன்றாக ஆறியதும், கால்சட்டையை மடித்துவிட்டு, வாய்க்காலிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து சேற்றைக் கழுவினார். மறுபடி கிளப்பினோம். முள் அதன் வழக்கமான எண்பத்தெட்டில் வந்து நின்றது.

"அக்கா செஞ்சா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

ஓரம் கட்டியது யார் என்று கேட்டேன். வாளியைக் கவிழ்த்துவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். ஆனால் வண்டியை விற்கும் பேச்சு அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எழவே இல்லை.

நாத்தனார் இன்னும் அந்த பஸ்ஸில்தான் போகிறார். நான் பசாரில் வண்டியை நிறுத்தும் நேரம் அவருக்குத் தெரியும். போன் வரும். "எவ்வளவு?" என்பார். "எண்பத்தெட்டு," என்பேன். வைத்துவிடுவார். சாப்பிட்டாயா, நலமா, ஒன்றும் கிடையாது.

போன மாதம் எனக்கும் அவருக்கும் சண்டை. அவர் வைத்த இறால் சம்பலில் உப்பு அதிகம் என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லிவிட்டேன். அதிகம்தான். வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். போன் மட்டும் வந்தது. வா என்று கூப்பிட எனக்கு வாய் வராது. ஒரு வெள்ளிக்கிழமை காலை "எவ்வளவு?" என்றபோது, "நூத்தி ரெண்டு," என்றேன்.

சாயங்காலம் ஃபாக்டரி சட்டையோடு வந்து நின்றார். வீட்டுக்குள் வரவில்லை. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார். ரேடியேட்டர் பளபளவென்று இருந்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நூத்தி ரெண்டா?"

"காலையில இருந்துச்சு."

"பொய் சொல்ற."

"நண்டுக் குழம்பு ஆறுது. கைய கழுவிட்டு வாங்க."

வந்தார். உட்கார்ந்து முழுதாகச் சாப்பிட்டார். உப்பே இல்லை என்றார். மறுநாள் காலை வழக்கம்போல போன் வந்தது.

"எவ்வளவு?"

"எண்பத்தெட்டு."

"நெஜமா?"

"நெஜமா."

வைத்துவிட்டார்.