ஒரம்பரைச் செருப்பு

என் வீட்டு வாசலில் என்னுடையதல்லாத ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறது. மெரூன் நிறம், என் காலுக்கு ஒரு சைஸ் பெரிசு, வலது குதிகால் பக்கம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. சில மாதங்களாக அதை நான் போட்டுக்கொள்ளவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. வாசல் பெருக்குகிற பெண் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவாள். நான் மறுபடியும் எடுத்துப் படிக்கு நேராக வைப்பேன். அது இங்கே வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஜெபக் கூட்டத்தில் ஒருநாள்கூட வந்து உட்காராதவர் அவர். ஆனாலும் அந்தக் கூட்டத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருகிற முகம் அவருடையதுதான்.

எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து சேலத்துக்கு வேலைக்கு வந்த புதிது. ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேஜை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வேலை உண்டு என்பதால் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போக முடியாது. லீவு போட்டு ஒருமுறை பெரிய கோயிலுக்குப் போனேன்; அத்தனை ஜனத்தில் என் பெயர் தெரிந்தவர் ஒருவர் இல்லை. ஊரில் ஒரு ஞாயிறு கோயிலுக்கு வராவிட்டால் வீட்டுக்கே ஆள் வந்து விசாரிப்பார்கள். இங்கே நான் செத்துப்போனாலும் தெரியாது என்று தோன்றி, ஹாஸ்டலுக்கு வந்து அழுதேன். அந்த லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் செய்தவர்தான் அக்கா. பிறப்பால் கிறிஸ்தவர் அல்ல. நானும் பக்கத்து அறை நர்ஸும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மெல்லப் பாடுவதைப் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பார். ஹாஸ்டலில் பாடக்கூடாது என்று வார்டன் சொன்னபோது அக்காதான் கூப்பிட்டார். "என்ற ஊட்டுக்கு வாங்க சாமி. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் நான் ஒண்டியாத்தான கெடக்கறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. நான், நர்ஸ், ஒரு தையல்காரத் தம்பதி, அவர்கள் மூலம் வந்த கண்டக்டர் ஐயா. ஐயா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், வேதம் வாசிப்பதும் ஜெபத்தை முடித்து வைப்பதும் அவர் பொறுப்பு. அவர் "ஆமென்" சொன்னால் அப்படியே "போலாம் ரைட்" மாதிரி இருக்கும். எங்களுக்குப் பாஸ்டர் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. கூடத்தில் பாய் விரித்து உட்காருவோம். தலைக்கு மேலே அலமாரியில், அக்காவின் கணவர், நாங்கள் மாமா என்று கூப்பிடுபவர், வைத்த முருகன் படம். வெள்ளிக்கிழமை அக்கா வைத்த பூ, ஞாயிற்றுக்கிழமை வாடி எங்கள் மேல் உதிரும். அக்கா அதை எடுத்துப் போட்டுவிட்டுப் பாட்டைத் தொடர்வார்.

பயம் வேறு இடத்திலிருந்து வந்தது. அது தறிக்காரர்கள் சந்து. வார நாட்களில் பவர்லூம் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. அன்றைக்குப் பார்த்து சந்து அமைதியாகிவிடும், கரண்டி விழுந்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். பஸ் போர்டை நமக்குள் படித்துக்கொள்வோமே, அந்தக் குரலில்தான் பாடினோம். குரலை அடக்கினாலும் வாசலில் கிடந்த செருப்புகளை அடக்க முடியவில்லை. போகிற வருகிறவர்கள் அதைப் பார்த்தார்கள், ஓனரிடம் சொன்னார்கள். ஓனர் கெட்டவர் அல்ல. சந்துக்கு நடுவில் தறி போட்டுப் பிழைப்பவர், நாலு பேர் பேச்சுக்குப் பயந்தவர். "குடியிருக்கத்தான் ஊடு உட்டேன், கூட்டம் போட இல்ல. இன்னொருக்கா வாசல்ல இத்தனை செருப்பப் பாத்தேன்னா காலி பண்ணிக்க வேண்டியதுதான்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். அந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது. ஹாஸ்டலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்ததால்தான் அக்காவால் விடியற்காலையில் வேலைக்குப் போக முடிந்தது. இனிமேல் நாங்கள் வரவில்லை என்று சொன்னோம். அக்கா கேட்கவில்லை. ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் அன்னக்கூடையைக் காட்டி, "இதுல போட்டு அடுப்படிக்குக் கொண்டு போயிரலாம்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து சந்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒவ்வொருவராக உள்ளே நுழைவோம், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு. அன்னக்கூடை சமையல் மேடைக்குக் கீழே போய்விடும். வாசல் காலியாக இருக்கும். ஜெபத்தில் கண் மூடினால் எனக்குக் கர்த்தர் வரமாட்டார், அந்த அன்னக்கூடைதான் வரும்.

மாமா போர்வெல் ரிக் வண்டி டிரைவர். மாதக்கணக்கில் ஆந்திரா, மராட்டியம் என்று போய்விடுவார், மழைக்காலத்தில் ஊர் திரும்புவார். ஆள் உயரம், பேச்சு கொஞ்சம், கோபம் நிறைய என்பது அக்கா சொல்லித் தெரிந்தது. ஹாஸ்டல் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறார்கள் என்று போனில் சொல்லியிருந்தாரே தவிர, பாட்டு, ஜெபம், ஓனர் மிரட்டல் எதையும் அக்கா அவரிடம் சொல்லவில்லை. மழைக்காலத்தில் நாங்கள் போகமாட்டோம். அந்த வருடம் மாமா முழங்காலில் அடிபட்டுச் சீக்கிரமே வந்துவிட்டார், கிளம்புவதாகவும் தெரியவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டு அக்கா போன் செய்தார். "வாங்க. அவருகிட்டச் சொல்லிட்டேன்." என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணுஞ் சொல்லல" என்றார். அது நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை.

நாங்கள் போனபோது மாமா வாசலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னோம், தலையசைத்தார். நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போவதை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு முதுகு கூசியது. உள்ளே போனதும் நர்ஸ் என் காதில், "போயிடலாமா?" என்றாள். கண்டக்டர் ஐயா வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அவருடைய விரல் ஒரே வரியை இரண்டு முறை தடவியது. கதவு சாத்தியிருந்தது. வெளியே மாமா தீக்குச்சி உரசுகிற சத்தம்கூடக் கேட்டது.

முதல் பாட்டு முடிவதற்குள் சந்தில் பேச்சுக்குரல். ஓனரின் குரல் எனக்குத் தெரியும். அவரோடு இன்னும் சிலர் வந்திருந்தார்கள். "ஏனுங்க, ஊட்ல ஆளுங்க இருக்காங்களாட்ட இருக்குது?" என்றார் ஓனர். மாமா, "இருக்காங்க" என்றார். "வாசல்ல செருப்பக் காணமே?" என்று வேறொரு குரல் கேட்டது. யாரோ சிரித்தார்கள்.   அக்கா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். வீடு போய்விட்டது என்று நினைத்தேன். அதைவிட, நாங்கள் போன பிறகு அக்கா தனியாக அந்த மனிதரோடு இருக்க வேண்டுமே என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. மாமா காலைத் தாங்கித் தாங்கி உள்ளே வந்தார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை, பாயை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து அடுப்படிக்குப் போனார். திரும்பி வந்தபோது அன்னக்கூடை கையில் இருந்தது. எங்களை விரட்டத்தான் போகிறார், செருப்பைச் சந்தில் கொட்டப் போகிறார் என்று எழுந்து நின்றுவிட்டோம். அவர் வாசற்படியில் கூடையை இறக்கினார். அடிபட்ட காலை மடக்க முடியாமல் ஒரு பக்கமாகக் குனிந்து, செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஜோடி தேடிப் படியோரம் வரிசையாக வைத்தார். கண்டக்டர் ஐயாவின் தோல் செருப்பு, நர்ஸின் வெள்ளைச் செருப்பு. என்னுடையதில் வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்தேன். ஊக்கு திறந்துகொண்டிருந்ததைப் பார்த்து, அழுத்தி மாட்டிவிட்டு வைத்தார். நாலு பேர் பார்க்க, அடுத்தவர் செருப்பை அப்படித் தொட்டு எடுத்து வைக்கிற ஆம்பளையை அந்தச் சந்து அதற்கு முன் பார்த்திருக்காது. 

"பாத்துக்குங்க" என்றார் மாமா. "என்ற ஊட்டுக்கு வந்த ஒரம்பரைங்க. ஒரம்பரை செருப்பு என்ற வாசல்லதான் கெடக்கும்." ஒரம்பரை என்றால் எங்கள் பக்கம் வீட்டுக்கு வருகிற சொந்தபந்தம், விருந்தாளி. ஓனர் கொஞ்ச நேரம் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்படீன்னா இந்த மாசத்தோட காலி பண்ணிருங்க" என்றார். "பண்ணிர்றனுங்க. ஆனா இன்னிக்கு அவிய டீ குடிச்சுப்போட்டுத்தான் போவாங்க" என்று சொல்லிவிட்டு மாமா உள்ளே தலையை நீட்டினார். "ஏ புள்ள, டீயப் போடு." பிறகு எங்களைப் பார்த்து, "பாடறதப் பாடி முடிங்க. என்ன இது, எழவு ஊடாட்டம் முணுமுணுத்துக்கிட்டு?" என்றார். கண்டக்டர் ஐயாதான் எடுத்துக் கொடுத்தார். குரல் நடுங்கித் தாளம் தப்பி, அந்த வீட்டில் முதல் முறையாகக் கதவைத் திறந்து வைத்துப் பாடினோம். கிளம்பும்போது மாமா என்னிடம், "அம்மிணி, அந்த ஊக்கு காலக் குத்திப்போடும். புதுசொண்ணு வாங்கிக்க" என்றார். அன்று அக்காவுக்குத் திட்டு விழுந்ததாம். ஜெபத்துக்காக அல்ல. "ஊட்டுக்கு வந்தவங்க செருப்பத் திருட்டுச் சாமானாட்டம் ஒளிச்சு வெச்சிருக்கறயே" என்பதற்காக.

மாதக் கடைசியில் காலி செய்தார்கள். வீடு பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் மாமா முதலிலேயே சொல்லிவிடுவார்: "ஞாயித்துக்கெழமை ஒரம்பரைங்க வருவாங்க, பாடுவாங்க. சம்மதம்னா சொல்லுங்க." நிறைய இடத்தில் மாட்டேன் என்றார்கள். கடைசியில் ஊருக்கு வெளியே, பஸ் இறங்கி வெகுதூரம் நடக்கிற இடத்தில் ஒரு வீடு கிடைத்தது. அக்கா ஹாஸ்டல் வேலையை விட்டார். அந்த வீட்டுக்கு எடப்பாடியிலிருந்து மாமாவின் தம்பி ஒருநாள் வந்தார், தறிப்பட்டறை வைத்திருப்பவர். குடும்பத்து மானம் போகிறது என்று வாசலில் நின்றே சத்தம் போட்டார். "இனிமே எங்க ஊட்டுப் படிய மிதிச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.  அதன் பிறகு எந்தப் பொங்கலுக்கும் அவர் எடப்பாடி போகவில்லை. எங்களால்தானே என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "உங்களுக்கென்ன அம்மிணி, பாட்டப் பாருங்க" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊரில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே நாற்காலியில், எங்களுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். உள்ளே வரச் சொல்லி நாங்கள் கூப்பிட்டதும் இல்லை, அவர் வந்ததும் இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஆந்திராவில், வேலை நடக்கிற இடத்திலேயே நெஞ்சுவலி வந்து மாமா போய்விட்டார். உடல் வந்துவிட்டது என்று அக்கா போனில் அழுதார். பிள்ளை இல்லை, தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். நாங்கள் போனால் எழவு வீட்டில் சண்டை வருமோ என்று பயம். போகாமல் எப்படி இருப்பது? போனோம். தெருமுனை டீக்கடை ஓரத்தில் நின்றோம். செருப்புப் போட்ட காலோடு, எந்த நிமிடமும் திரும்பிப் போகத் தயாராக. வாசல் முழுக்க எடப்பாடிச் சொந்தம். ஈர வேட்டியோடு தம்பி எங்களைப் பார்த்தார். நேராக எங்களை நோக்கி நடந்து வந்தார். தையல்காரர் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எங்க அண்ணன் ஊட்டு ஒரம்பரைங்க எதுக்கு ரோட்ல நிக்கறீங்க?" என்றார். "செருப்பக் கழட்டி உட்டுப்போட்டு உள்ள வாங்க." இரண்டடி போனவர் நின்று, குரலைத் தாழ்த்தி, "பாட்டு மட்டும் வேண்டாமுங்க" என்றார். உள்ளே போய் அக்காவைச் சுற்றி உட்கார்ந்தோம். பாடவில்லை. கண்டக்டர் ஐயாவின் உதடு மட்டும் அசைந்தது. முணுமுணுக்காதே என்று சொன்ன மனிதர் முன்னால் முணுமுணுக்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தது எனக்குத் தாங்கவில்லை. தம்பி மேல் கோபமும் வந்தது, உள்ளே விட்டாரே என்று அழுகையும் வந்தது. இரண்டும் அவருக்குத் தெரியாது. எடுத்துக்கொண்டு போன பிறகு வெளியே வந்தால், படியிலிருந்து தெரு வரைக்கும் ஒரே செருப்புக் குவியல். எங்களுடையதும் அவர்களுடையதும் கலந்து கிடந்தன. தேடித் தேடிப் பார்த்தேன், என்னுடையது இல்லை. கூட்டமெல்லாம் கலைந்து கடைசியில் இந்த மெரூன் ஜோடி மட்டும் மீந்தது. கால் விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் வரைக்கும் நடந்தேன்.

போன வாரம் அக்கா பேசினார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனது தம்பியின் மருமகளாம். தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாளாம். அனுப்பி வைக்கட்டுமா என்று நான் கேட்டேன். "அனுப்ப வேண்டாமாம் சாமி" என்றார் அக்கா.  "எடப்பாடி ஊட்டுக்கு வாரப்போ போட்டுக்கிட்டு வரட்டும், வாசல்லயே மாத்திக்கலாம்னு கொழுந்தனாரு சொல்லச் சொன்னாரு." கண்டக்டர் ஐயாவும் வருகிறேன் என்கிறார். பாடமாட்டேன் என்று இப்போதே சத்தியம் செய்கிறார். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. செருப்பைத் துடைத்துப் படிக்கு நேராக, தெருவைப் பார்க்க வைத்திருக்கிறேன்.