ஹேமாங்கினியின் நாக்கு

கீரை நுனியைக் கிள்ளி, சேற்றைப் புடவைத் தலைப்பில் துடைத்து, முன்பல்லால் ஒரே கடி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள் ஹேமாங்கினி. ஆறு வடிந்த நேரம். மண்ணணைக்குக் கீழே கால் புதையும் சேறு. பின்னால் கொக்குகள். மழைக்குப் பின் துளிர்த்த பச்சை நுனியில் உப்பு குறைவு. பங்குனி வெயிலில் செடி சிவக்கச் சிவக்க உப்பு ஏறும். பௌர்ணமி வெள்ளம் தொட்டுப்போன செடிக்கு ஒரு ருசி, தொடாததற்கு இன்னொன்று.

இந்தக் கீரையைக் கிரியா என்பார்கள் சுந்தரவனத்துத் தீவுகளில். நம் கடற்கரை உமரிக்கு நெருங்கிய சொந்தம். அணை உடைந்து உப்புநீர் புகுந்த வருஷத்திலிருந்து கொல்லையில் பசலையும் வருவதில்லை, தண்டுக்கீரையும் வருவதில்லை. தை பிறந்து ஆடி மழை வரும்வரை தட்டில் பச்சையாக விழுவது இது ஒன்றுதான்.

கடித்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அடுப்பேறிய பண்டத்தை, ஆண்பிள்ளை உட்காரும் முன் ருசி பார்க்க அந்த வீட்டில் வழக்கமில்லை. செடியாக நிற்கும்போது அது சாப்பாடு அல்ல. எத்தனை கடி வேண்டுமானாலும் கடிக்கலாம். அந்தக் கடியில்தான், ஒரு தண்ணீரில் வேகவைத்துக் கொட்டுவதா இரண்டு தண்ணீரா என்று முடிவாகும். தனியாக உப்புப் போடுகிற பேச்சே கிடையாது. புது மருமகள்கள் தெரியாமல் போடுவார்கள், ஊர் ஒரு வருஷம் சொல்லிச் சிரிக்கும். ஹேமாங்கினியும் போட்டாள், முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். புருஷன் நிவாரண் ஒன்றும் சொல்லவில்லை. கீரையை ஒற்றை விரலால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான். பிற்பாடு அவள் கணக்குத் தப்பிய நாட்களிலெல்லாம் அதே விரல்தான்.

“வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?” என்று இவள் கத்துவாள். அவன் பருப்புக்கிண்ணத்தை இழுத்துக்கொள்வான்.

ரத்த அழுத்தம் தலைக்கேறி அவன் விழுந்து, போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. மகன் கேரளத்தில் கட்டட வேலை. ஞாயிற்றுக்கிழமை போனில் “சாப்டியாம்மா?” என்பான். “ம்” என்பாள். முடிந்தது.

போன தையில் ஒரு காலை நுனியைக் கடித்தாள், ஒன்றுமே தெரியவில்லை. இன்னொரு செடி, இன்னொன்று. கடைசியில் ஆற்றுநீரை உள்ளங்கையில் அள்ளி நக்கினாள். வெறும் ஈரம்.

அந்த வாரமே, இவளைச் சித்தி முறையில் காக்கிமா என்று கூப்பிடும் சுகாதார நிலையத்து ஷெஃபாலி, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

“நூத்தி எழுவது, காக்கிமா. உப்பைக் குறை. இல்லாட்டி நிவாரண் காக்கா போன வழிதான்.”

“அப்ப கிரியாவ விட்டுடவா?”

“விட்டுட்டு எதைத் திம்ப? வெறுஞ்சோறா? அதுல இரும்புச்சத்து இருக்கு, ரத்தத்துக்கு நல்லது. நல்லா வேகவெச்சுத் தண்ணிய கொட்டிட்டுத் தின்னு. கரிக்கக் கூடாது, அவ்ளோதான்.”

“கரிக்குதான்னு யாரு சொல்றது?”

“இதென்ன கேள்வி? உன் நாக்கு சொல்லும்.”

ஹேமாங்கினி எழுந்து வந்துவிட்டாள்.

நான்கு தண்ணீரில் வேகவைத்துப் பார்த்தாள். கீரை கூழாகி, சத்தெல்லாம் வடிநீரோடு ஓடையில் போனது. மறுநாள் ஒரே தண்ணீரில் வேகவைத்து, உப்புச் சரியா என்று கேட்கக் கிண்ணத்தோடு மூன்று வீடு ஏறினாள். மூன்று வீட்டிலும் “பிரமாதம் காக்கிமா!” தாலியறுத்தவள் ஆசையாகக் கொண்டுவந்ததைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? “ஊருக்கே நாக்குச் செத்துப்போச்சு” என்று முனகிக்கொண்டு திரும்பினாள்.

குறை சொல்ல ஒருத்தி இருந்தாள்: குளத்துக்கு அந்தக் கரையில், கொழுந்தன் பெண்டாட்டி தொருலதா. அணையை உடைத்த புயலுக்குப் பின் குளத்து உப்புநீரை வடிக்க அவள் வரப்பை வெட்டப்போய், இவளுடைய மிளகாய்ப் பாத்தி முழுக்கக் கருகிற்று. நான்கு வருஷமாகப் பேச்சில்லை. சொல்ல வேண்டியதை இருவரும் வாத்துகளிடம் சொல்வார்கள்.

ஹேமாங்கினி கிண்ணத்தைக் குளத்தின் நடுப்படியில் வைத்துவிட்டு, உரக்கச் சொன்னாள்: “வாத்துங்களா, நாக்கு இருக்கறவங்க யாராச்சும் தின்னு பாத்து, உப்புக் கரிக்குதான்னு சொல்லுங்க.”

நெடுநேரம் கழித்துத் தொருலதா இறங்கினாள். ஒரு விள்ளல் வாயில் போட்டாள். அப்படியே குளத்தில் துப்பினாள்.

“கிட்டப் போகாதீங்கடி, செத்துருவீங்க! மகராசி ஆத்தையே அள்ளி வேகவெச்சிருக்கா.”

ஹேமாங்கினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கிண்ணத்தை எடுத்துப்போய், இன்னொரு தண்ணீரில் ஒரு கொதி விட்டுப் பிழிந்து கொண்டுவந்தாள். இந்த முறை கிண்ணம் காலியாகத் திரும்பிற்று.

“ம். இப்பத் திங்கலாம், வாத்துங்களா. பூண்டுதான் பத்தல.”

அன்றிலிருந்து தினம் அப்படித்தான். சோற்றைப் போட்டு, கீரையை அதன்மேல் வைத்து, கை நனைக்காமல் குளத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அக்கரையிலிருந்து வசவு வந்தால் கீரை திரும்ப அடுப்புக்குப் போகும். “ம்” வந்தால் முதல் கவளம். செடியைக் கடிப்பதை மட்டும் அவள் விடவில்லை, பல் பழக்கம்.

ஷெஃபாலி மறுபடி பட்டை சுற்றியபோது நூற்று நாற்பத்தைந்து. “என்ன காக்கிமா பண்ற?” “ஒண்ணுமில்ல. ஆள் வெச்சிருக்கேன்.”

இன்றைக்கு நடுப்படியில் கிண்ணம் வெகுநேரமாக இருக்கிறது. காலைப் படகில் தொருலதா பெட்டியோடு ஏறியதாகப் படகுத்துறையில் பேச்சு. அவள் மகளுக்கு இது எட்டாம் மாதம். அக்கரைக் கதவில் பூட்டு. வாத்துகளையும் யாரிடமோ ஒப்படைத்துவிட்டாள் போலிருக்கிறது.

சோறு ஆறிவிட்டது. ஹேமாங்கினி இன்னொரு தடவை குளத்தைப் பார்த்தாள். பிறகு சோற்றின் மேலிருந்த கீரையை ஒற்றை விரலால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள்.