பெற்றீசியாவுக்கு ஊற்றிய தண்ணீர்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைச் சல்லடை வேலை பார்த்தவர் இராயப்பன். பொய் சொல்லத் தெரியாதவர் என்று பெயர். அது பாராட்டு அல்ல, முறைப்பாடு. ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில், தன் மனைவி ஜோசப்பினின் கூடையில் முற்றல் இலை கிடக்கிறதென்று கணக்கப்பிள்ளைக்குத் தானே எடுத்துக் காட்டினார். மூன்று நாள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஜோசப்பின் நல்லவள், வேறொருத்தியாக இருந்தால் மூன்று மாதம் எரிந்திருக்காது.

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய், சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குவார். அதற்கு முன், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில், கோழியை வைதது வரைக்கும் ஒப்புவிப்பார். கேட்டுக் கேட்டுச் சாமியாருக்கே கொட்டாவி வந்துவிடும்.

ஐம்பத்தாறாம் வருடம் தை மாதம், பனி கொட்டிய ஓர் இரவு. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டாகியிருந்த ஜோசப்பினுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. தோட்டத்து மருத்துவச்சி, தன் கைக்கு அடங்காது, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றுவிட்டாள். தோட்டத்து லொறியை எடுக்கத் துரை எழுதிய துண்டு வேண்டும். டிரைவர் பொன்னையா அதையெல்லாம் யோசிக்கவில்லை.

"துண்டு நாளைக்குப் பாத்துக்கலாம். அக்காவ ஏத்துங்கண்ணே."

கொழுந்துச் சாக்குகளை விரித்து அவளைப் படுக்க வைத்தார்கள். மருத்துவச்சியும் கூட ஏறிக்கொண்டாள். அவள் தொண்டையை நனைக்க, ஒரு போத்தலில் வெறுந் தேநீர் ஊற்றி எடுத்துக்கொண்டார் இராயப்பன். பாதி வழியில், ஏற்றத்தில், லொறி புகைந்து நின்றது. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தகர டின்னைத் தூக்கிக்கொண்டு பொன்னையா பள்ளத்து ஓடைக்கு இறங்கினார். அந்த நேரம் பார்த்துக் குழந்தை பிறந்தது.

பெண். கைக்குள் அடங்குகிற அளவு. மருத்துவச்சி காதை வைத்துப் பார்த்துவிட்டு, "மூச்சு நிக்கப் போவுது. ஒங்க வேதத்துல செய்யிறத செஞ்சிருங்க" என்று குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, ஜோசப்பினின் இரத்தப் போக்கை நிறுத்தத் திரும்பினாள்.

சாகப்போகும் பிள்ளைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆனால் தண்ணீரால்தான் கொடுக்க வேண்டும், வேறெதுவும் செல்லாது. இராயப்பன் பள்ளத்தைப் பார்த்துக் கத்தினார்.

"பொன்னையா! தண்ணி! புள்ளைக்கு!"

இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "வழுக்குதுண்ணே! ஒங்க சாமிய ரெண்டு நிமிசம் பொறுக்கச் சொல்லுங்க!"

அந்த நிலையிலும் ஜோசப்பின் மெல்லச் சிரித்தாள். பிறகு நினைவு தப்பிவிட்டது. சாமி பொறுக்கவில்லை. குழந்தையின் வாய் ஒருமுறை கோணியது. இராயப்பன் தேநீர்ப் போத்தலைத் திறந்து, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி, நெற்றியில் ஊற்றினார். பெற்றீசியா என்று பெயரிட்டார்.

முழங்கால் வரை சேற்றோடு பொன்னையா மேலே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தகரம் நிறையத் தண்ணீரோடு அப்படியே நின்றார். அதை ரேடியேட்டரில் ஊற்ற அவருக்குக் கை வரவில்லை.

"ஊத்து பொன்னையா," என்றார் இராயப்பன். "தாயையாவது காப்பாத்துவோம்."

ஜோசப்பின் பிழைத்துக்கொண்டாள். விடியும்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்து அவர் கையைப் பிடித்தாள். "ஏங்க, ஞானஸ்நானம் குடுத்தீங்கல்ல? நம்ம புள்ளைய வேலிக்கு வெளிய வச்சிராதீங்க." ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியேதான் புதைப்பது வழக்கம். பெயர் கிடையாது, சிலுவையும் கிடையாது. இரண்டு மழையில் இடமே தெரியாமல் போய்விடும்.

துணியில் சுற்றிய குழந்தையோடு இராயப்பன் கோயிலுக்கு வந்தார். லொறி கொண்டுவந்த பொன்னையாவும் கூட நின்றார்.

"ஞானஸ்நானம் எதால குடுத்த?" என்று சாமியார் கேட்டார்.

பொன்னையா முந்திக்கொண்டார். "நான்தாங்க சாமி ஓடையில தண்ணி எடுத்தாந்தேன்." அது உண்மைதான்.

சாமியார் அவரைப் பார்க்கவில்லை. "நீ சொல்லு இராயப்பா."

இராயப்பன் குழந்தையைச் சுற்றிய துணியைப் பார்த்தார். நெற்றிப் பக்கம் தேநீர்க் கறை இருந்தது. பெருவிரலால் அதை மூடிக்கொண்டார்.

"தண்ணிதான் சாமி."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சாமியார் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பார். சொன்னது இராயப்பன். வேலிக்கு உள்ளேயே குழி வெட்டினார்கள்.

அதற்குப் பிறகு அவர் நன்மை வாங்கவேயில்லை. பாவசங்கீர்த்தனம் செய்யாமல் வாங்கக் கூடாது. செய்வதென்றால், சொன்ன பொய்க்கு மனதார வருந்த வேண்டும். அவருக்கு வருத்தமே வரவில்லை. வராததை வந்தது என்று சொல்லவும் அந்த மனிதருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோசப்பின் மட்டும் முன்னால் போய் முழங்காலிடுவாள். அவர் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பார். பிள்ளையைப் பறிகொடுத்த கோபம் என்று ஊர் சொன்னது. அவளும் அப்படித்தான் நினைத்து அழுதாள்.

ஆறேழு வருடம் கழித்து, நன்மை வாங்காத காரணத்தைப் பொன்னையாவிடம் மட்டும் சொன்னார். பொன்னையாவுக்கு நெஞ்சு பதறிவிட்டது.

"என்னண்ணே இது? ஒங்க கணக்குப்படி, இந்தப் பொய்யோட நீங்க மேல மோட்சத்துக்குப் போவ முடியாதே. அங்க புள்ளைய யாரு பாத்துக்குவா?"

"அவ அம்மா வருவால்ல," என்றார் இராயப்பன். "அவ பாத்துக்குவா."