ரூத் வண்டியின் சேஸ் நம்பர்

எனக்குக் கல்யாணமான புதிதில் கோவளம் முழுக்க ஒரே பேச்சு: பெஞ்சமினுக்குப் பெண் வீட்டில் கார் கொடுத்திருக்கிறார்கள். கார் வந்தது உண்மைதான். சாவி வரவில்லை. இருபத்து நான்கு வருடமாக நான் அந்தக் காரின் இடது பக்கச் சீட்டில்தான் உட்கார்ந்து வருகிறேன். எனக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொடு என்று நான் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் என் மனைவி ரூத் சிரித்திருப்பாள்.

வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எழுபதாம் வருட மாடல், வெளிர் நீலம், நான்கு கதவு. பானட்டைத் திறந்தால் மற்ற வண்டிகளைப் போல மூடி மட்டும் எழும்பாது. மட்காடு, விளக்கு எல்லாம் சேர்ந்து முகம் முழுவதும் முன்னால் சாயும். பார்க்க ஆள் கூடிவிடும். எங்கள் தெருமுனையில் புது வண்டிக்காரர்கள் முன்னும் பின்னும் நாலு தரம் அலைந்து திரும்புகிற இடத்தில், ரூத் ஒரே வளைப்பில் திருப்பிக்கொண்டு போவாள். அந்த நேரத்தில் நான் வேண்டுமென்றே கண்ணாடியை இறக்கி விட்டுக்கொள்வேன். யார் பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

ரூத் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். புண்ணுக்குக் கட்டுப் போடுகிற அறை அவளுடையது. வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு டாக்டரிடமிருந்து இருபத்தெட்டு வயதில் இந்த வண்டியை வாங்கினாள். அவள் அப்பா ஏசுதாஸ் திருப்போரூர் பக்கத்துக் கிராமத்தில் ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் வேலை செய்தவர். அவர் பேரில் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை, பட்டா இருந்ததில்லை. 'ரூத், த/பெ ஏசுதாஸ்' என்று ஆர்.சி. புக் வந்த அன்று, அவர் அதைக் கையில் வாங்கி எழுத்துக்கூட்டித் தன் பேரைப் படித்தாராம். சொத்து என்று அரசாங்கம் கொடுத்த காகிதத்தில் அந்தக் குடும்பத்துப் பேர் ஏறியது அதுதான் முதல் தடவை. இன்றைக்கும் அந்தப் புத்தகம் எங்கள் வீட்டில் வேதாகமம் இருக்கிற பையில்தான் இருக்கிறது. ஈ.சி.ஆர். ரோட்டில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, "ஓனர் யாரும்மா?" என்று கேட்டால் அவளுக்குக் கோபமே வராது. அந்தப் புத்தகத்தை எடுத்து நீட்ட ஒரு வாய்ப்பு கிடைத்த சந்தோஷம்தான்.

செலவைச் சொல்லாமல் விட முடியாது. கல்யாண வளையல் ஒரு ஜோடி கியர்பாக்ஸ் ஆனது. ஒரு கிறிஸ்துமஸ் துணி, எங்கள் நாலு பேருடையதும், கிளட்ச் பிளேட் ஆனது. கதவு ஓரத்து ரப்பர் பீடிங் ஒன்றுக்காக, பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் மூன்று சனிக்கிழமை அலைந்திருக்கிறோம். முன்சக்கர மூட்டில் கிரீஸ் வைக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும் என்பது இந்த வண்டியின் தனிக்குணம். அது தெரியாத மெக்கானிக் ஒருவர் கிரீஸை அமுக்கிவிட்டார். கொஞ்ச நாளில் திருப்போரூர் ரோட்டில் சக்கரம் மடங்கி, வண்டி அப்படியே மண்டி போட்டுவிட்டது. அன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ரூத் தானே பாய் விரித்து, வண்டிக்கடியில் படுத்து ஆயில் விடுகிறாள். நான் டார்ச் அடிப்பேன். அதையும் கோணலாக அடிக்கிறேன் என்பாள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி உப்புக்காற்று. ஒரு மழைக்காலத்தில் என் கால்மாட்டில் தகடு உதிர்ந்து விழுந்தது. திருவிடந்தையைத் தாண்டும்போது என் செருப்புக்கு நடுவில் ரோடு ஓடிக்கொண்டிருந்ததை நான் நேரில் பார்த்தேன். எங்கள் மெக்கானிக் கேசவன் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தான். அப்போதுதான் இந்த வண்டிக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கொரோனா ஊரடங்கு வந்தது. நான் கிளார்க்காக இருக்கும் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தது. ஃபைபர் படகு வைத்திருக்கும் என் சிநேகிதன் செல்வராஜ், படகுக்கு அடித்து மீந்த பெயிண்டை டப்பாவோடு கொடுத்தான்.

"கடல்ல கெடக்குற போட்டுக்கே ஒண்ணும் ஆவல மச்சான். ரோட்ல ஓடுற வண்டிக்கு இன்னா ஆவப் போவுது?"

அடித்தேன். வருடா வருடம் மழைக்கு முன்னால் அடித்தேன். ஒரு வருடம் நீலம், ஒரு வருடம் பச்சை, ஒரு வருடம் சிவப்பு. செல்வராஜ் படகுக்கு என்ன நிறமோ அதுதான் வண்டியின் அடிவயிற்றுக்கும். சில வருடம் இரண்டு கோட். ஐந்து வருடத்தில் எட்டு கோட். வெளியில் தெரியாத இடம் எல்லாம் என் பொறுப்பு. பானட்டுக்கு உள்ளேயும் பிரஷ் போகிற இடத்தையெல்லாம் விடவில்லை. ரூத் குனிந்து பார்த்து, "பரவால்ல, ஒரு வேலயாவது உருப்படியா செய்ற" என்றாள். அதைக் கேட்டு ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பழைய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். இந்த வருடம் அந்த முறை வந்தது. செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். மோட்டார் வாகன ஆய்வாளர், எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்லுவோமே, அவர் வந்தார். விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது, பிரேக் பிடித்தது. பானட்டைத் திறக்கச் சொன்னார். வழக்கம்போல ஆள் கூடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"சேஸ் நம்பர் எங்கம்மா?" என்றார்.

எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் குத்தியிருக்கும் எண் அது. வண்டியின் பிறந்த அடையாளம் அதுதான். ரூத் விரலை நீட்டினாள். விரல் காட்டிய இடத்தில் பளபளவென்று செல்வராஜ் படகின் நீலம் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

அவள் தகட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எப்போதும் எங்கள் மகன் பேரைச் சேர்த்து என்னை "ஆல்வினப்பா" என்று கூப்பிடுகிறவள், "யோவ்" என்றாள். அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். "ஒரு வாரம் டைம் தரேன்மா. நம்பர் தெரியணும், பேப்பர் வச்சி பென்சில் பிரிண்ட் எடுக்கணும். துரு தின்னு அழிஞ்சி போயிருந்தா என்னால ரினீவல் பண்ண முடியாது. அப்புறம் வண்டி ரோட்டுக்கு வரக் கூடாது."

திரும்பும் வழியில் கண்ணை ரோட்டிலேயே வைத்து ஓட்டினாள். திருப்போரூர் வந்ததும் ஒரே ஒரு வாக்கியம்: "எங்கப்பா பேரு கீது அதுல." எனக்கு வண்டியிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

அதற்கப்புறம் வீட்டில் எனக்கு வந்த சேதியெல்லாம் எங்கள் மகள் ஜாய்ஸ் வழியாகத்தான். "உங்கப்பாவ துன்ன சொல்லு" என்பாள் ரூத், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தோம். கேசவன் கிரைண்டிங் மிஷினோடு வாசலில் நின்றான்.

"கம்பி பிரஷ் போட்டா ரெண்டே நிமிஷம் சிஸ்டர். பெயிண்ட் மொத்தமா வந்துரும்."

"நம்பரும் சேந்து வந்துரும். மிஷின ஓரமா வையி கேசவா."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"புண்ணுல ஒட்டிக்கின கட்ட பிச்சி எடுத்தா சதையும் சேந்து வரும். நனைக்கணும், ஊற வுடணும், அது தானா வுடும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பஞ்சைப் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்துத் தகட்டின் மேல் ஒற்றி வைத்தாள். பத்து நிமிடம் கழித்து, மெதுவாக, ஒரே திசையில் துடைத்தாள். நீலம் போனது. மறுபடி பஞ்சு, மறுபடி காத்திருப்பு. பச்சை போனது. நான் தின்னர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு நிறம் வரும்போதும் எந்த வருடம் என்று எனக்குத் தெரிந்தது. இது ஆல்வின் வேலைக்குப் போன வருடம், இது புயல் வந்த வருடம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் யாரையும் கவனிக்கவில்லை. மருத்துவமனையில் அவள் வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். இப்படிப்பட்டவள் கையில்தான் ஜனங்கள் காலையும் கையையும் நம்பி நீட்டுகிறார்கள் என்று நினைத்தபோது, என் மேல் எனக்கே இருந்த வெறுப்பையும் மீறிப் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு முதல் எழுத்து தெரிந்தது. ஐந்தரைக்கு எல்லா எண்ணும் தெரிந்தன, கடைசி எண்ணைத் தவிர. புத்தகத்தில் ஏழு என்று இருந்தது. கண்ணுக்கு ஒரு நிமிர்ந்த கோடுதான் தெரிந்தது. ஒன்றா, ஏழா? மேல்கோட்டில் பெயிண்ட் அடைத்திருக்கிறதா, துரு தின்றுவிட்டதா? கேசவன் ஊசி எடுத்துச் சுரண்டலாம் என்றான். ரூத் வேண்டாம் என்று தலையை ஆட்டி, பஞ்சைக் கீழே போட்டாள்.

"இதுக்கு மேல தொடக் கூடாது. இருக்குறது இருக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை மறுபடி மைதானம். இன்ஸ்பெக்டர் மெல்லிய தாளைத் தகட்டின் மேல் வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தார். ஒவ்வோர் எண்ணாகத் தாளில் எழுந்தது. கடைசிக்கு வந்தார். கோடு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏழு," என்றார் அவர். "சுத்தமா கீதும்மா."

திறந்து பார்த்தேன். தாளில் மேல்கோட்டோடு, தலையில் துண்டு கட்டிய ஆள் மாதிரி நின்றது ஏழு.

இன்ஸ்பெக்டர் தாளைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது சரி, யாரும்மா இத்தன பெயிண்ட் அடிச்சது?"

சுற்றிலும் இருபது பேர் நின்றார்கள். நான் ஓரமாக நகரப் பார்த்தேன். ரூத் என் சட்டைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"எங்க வூட்டுக்காரர் சார். இந்தாண்ட பாருங்க, அவரு பிரஷ் போவாத எடமெல்லாம் துரு தின்னு ஓட்டையா கீது. அவரு அடிச்ச எடந்தான் நிக்கிது. அவரு அடிக்கலன்னா இந்த நம்பரே இருந்திருக்காது."

அவள் சொன்னது நிஜம். அந்தத் தகட்டைச் சுற்றி என் பிரஷுக்கு எட்டாத மூலையெல்லாம் அப்பளமாக உதிர்ந்திருந்தது. ஒரு வாரமாக எனக்கு அது கண்ணில் படவில்லை. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருக்கிறது. இருபது பேர் நடுவில் சொல்வதற்காகத்தான் வைத்திருந்தாளோ என்னவோ. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரினீவல் ஆனது. இன்னும் ஐந்து வருடத்துக்கு 'ரூத், த/பெ ஏசுதாஸ்' ரோட்டில் ஓடலாம்.

திரும்பும்போது திருப்போரூரில் ஒரு பெயிண்ட் கடை முன்னால் வண்டியை நிறுத்தினாள். பர்ஸிலிருந்து பணம் எடுத்து என் கையில் வைத்தாள்.

"போட்டுல மீந்தத இனிமே வாங்கிக்கினு வராத. நம்ம வண்டிக்குப் புது டப்பா வாங்கு. இன்னா கலர்னு நீயே சொல்லு."

இருபத்து நான்கு வருடமாக அவள் வாயில் அது 'என் வண்டி'தான். நான் கடைக்குள் போய், என்ன வேண்டும் என்று கேட்ட கடைக்காரரிடம், "எங்க வண்டிக்கு நீல பெயிண்ட் ஒரு டப்பா" என்றேன். கூடவே, பெயிண்ட் அடிக்கும்போது நம்பரை மறைத்து ஒட்ட ஒரு டேப்பும் வாங்கினேன்.