பின்வரிசைக்கு ஒரு முழுத்திரை

மெர்சி என் அம்மா. கணபதியில் பம்பு வார்ப்புகள் செய்யும் ஒரு பவுண்டரியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். மரப்பெட்டிக்குள் மணலை அடித்துத் திணித்து, வார்ப்பின் உள்ளே வெற்றிடம் விடும் உருவங்களைச் செய்வது அவள் வேலை. இறந்து முப்பத்தொன்பது நாள் ஆகிறது. நான் வடிவமைப்புப் பொறியாளன். அளவுகளைத்தான் எழுதத் தெரியும். அதனால் ஒரே ஒரு காலை நேரத்தை எழுதுகிறேன்.

போன வருடம் பவுண்டரியின் நாற்பதாம் ஆண்டு விழா சரவணம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பழைய படங்களைத் திரையில் ஓட்டும் வேலையை அம்மா கேட்டு வாங்கினாள். சர்ச்சில் பாட்டு ஸ்லைடு போட்டுப் பழகியவள். கேட்டதற்குக் காரணம் மயிலாத்தாள், இருபத்திரண்டு வருடம் பக்கத்து மேசையில் மணல் அடித்தவர்.

வருடாவருடம் குரூப் போட்டோ எடுப்பார்கள். முதலாளி வீட்டார் நடுவில் நாற்காலியில். புதியவர்கள் தரையில். பெண்கள் பின்னால் பெஞ்சு மேல். ஆபீஸ் சுவருக்குச் சட்டம் போடும்போது பின்வரிசைத் தலைகள் சட்டத்து மரத்துக்கடியில் மறைந்துவிடும்.

"தாராபுரத்துலிருந்து வாரேன் மெர்சி. இந்தவாட்டியும் என்ற தலையக் காணோம்னா அடுத்த பஸ்ஸுல திரும்பீருவேன்" என்று மயிலாத்தாள் போனில் சொல்லியிருந்தார்.

விழா பத்து மணிக்கு. எட்டரைக்கு ஒத்திகை பார்த்தோம். திரையை இயக்கும் பாலகோபால் எங்கள் ஸ்லைடுகளைத் திரை முழுக்க இழுத்துவிட்டார். எல்லோரும் பூசணிக்காய் போல அகன்றார்கள்.

"முதலாளி ஒரு சுத்துப் பெருத்துட்டாருங்க்கா" என்றார் அவர்.

"மயிலாத்தா பாத்தா உங்களத்தான் அடிப்பா" என்றாள் அம்மா.

நான் லேப்டாப்பை வாங்கி, திரையை நிரப்பும்படி படத்தை மாற்றினேன். மேலும் கீழும் வெட்டுப்பட்டு, நாற்காலி வரிசை மட்டும் பளிச்சென்று நின்றது.

"பின்வரிசை எங்க கண்ணு?"

"வெட்டுப்பட்டிருச்சும்மா. நடுவுல இருக்கறதத்தான் அது வெச்சுக்கும்."

"அதுக்கும் அதே புத்திதானா?" என்றவள் பாலகோபாலிடம் திரும்பினாள். "ஏனுங்க, இது எத்தனைக்கு எத்தனைங்க?"

"பெருசுங்க்கா."

அம்மா பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்தாள். ஸ்டூல் மேல் ஏறினாள். பாலகோபால் பதறி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அகலம் இருபத்துநாலு அடி. உயரம் எட்டு.

"பொட்டி அளக்காம மணலக் கொட்டீருக்கறயே, நீயெல்லாம் இஞ்சினியரு."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மூன்றுக்கு ஒன்று. ஸ்லைடின் அளவை அறுபதுக்கு இருபது சென்டிமீட்டராக மாற்றினேன். பெரிதாக்கவா, பொருத்தவா என்று மென்பொருள் கேட்டது. பொருத்தச் சொன்னேன். இருபக்கமும் கறுப்பு, நடுவே சின்னதாகப் படம். முகங்கள் கடுகாக இருந்தன.

அம்மா திரையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். "வரிசை மூணுதானே. ஒரு வரிசைக்கு ஒரு ஸ்லைடு போட்றலாம்."

அத்தனை நீளமான திரைக்கு ஒரு மனித வரிசை கச்சிதமாகப் பொருந்தும். நான் அதைக் கணக்கிடுவதற்குள் அவள் மௌஸைப் பிடுங்கிக்கொண்டாள். ஒன்பது படங்கள், இருபத்தேழு ஸ்லைடுகள். அவள் வெட்ட, நான் அடுக்கினேன். "பின்வரிசை மொதல்ல" என்று மட்டும் நடுநடுவே சொன்னாள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடைசி ஸ்லைடு முடிந்தது. மண்டபம் நிரம்பியிருந்தது. மயிலாத்தாள் கடைசி நாற்காலியில், மடியில் பையோடு, எழுந்து போகத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

விளக்கு அணைந்தது. இருபத்துநாலு அடிக்குப் பின்வரிசைப் பெண்கள். கீழ் ஓரத்தில் முதலாளி வீட்டாரின் தலைமுடி மட்டும். மண்டபமே சிரித்தது. முதலாளியும் சிரித்தார்.

மயிலாத்தாள் பையைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்கருகே நடந்து போனார். தன் முகத்துக்கு நேரே நின்றார்.

"எம்பட தோடு கூடத் தெரியுது மெர்சி. அடகுலயிருந்து மீட்ட வருசம்."

அம்மா அன்று மாலைவரை உட்காரவே இல்லை. பஸ்ஸில் வரும்போதுகூடக் கம்பியைப் பிடித்து நின்றபடி மறுபடி மறுபடி மயிலாத்தாளின் தோடு தெரிந்ததையே சொன்னாள்.

நாளை நாற்பதாம் நாள் ஜெபம். இன்று சர்ச்சுத் திரையை அளந்தேன். பத்தடிக்கு ஏழரை அடி. அம்மாவும் மயிலாத்தாளும் பின்வரிசையில் நிற்கும் அந்தத் தோடு மீட்ட வருடப் படம் வெட்டாமல் முழுதாகப் பொருந்தும். மயிலாத்தாளுக்குப் போன் செய்து சொன்னேன்.

"உங்கொம்மாள மட்டும் பெருசாப் போடு கண்ணு. நாங்கெல்லாம் எதுக்கு?"

"அம்மா ஒத்துக்க மாட்டாங்க."



"அப்ப எம்பட தோடு தெரியற மாதிரி வையி" என்றார்.