உப்புப் போட்ட பைகள்

என் வாய்க்கொழுப்பு ஊரறிந்த விஷயம். எட்டுப் பேரோடு சேர்ந்து உட்காரக் கிடைத்த இடத்தை அதனால்தான் கெடுத்துக்கொண்டேன்.

சுனாமிக்கு முந்தைய காலம். நெட்டுக்குப்பத்தில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. கருவாடு காயப்போட்டு விற்பேன். சந்தையில் விலை சொல்வதைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் பல நாள் போகும். அப்போதுதான் மகளிர் குழுவில் ஆகாயத்தாமரைத் தண்டில் பை பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். மழையில் ஆற்றோடு வந்து வலையை அடைக்கும் அந்தச் சனியனில் பை செய்தால் யாராவது வாங்குவார்கள் என்று நாங்கள் நம்பவே இல்லை. நான் காசுக்காகப் போகவில்லை. சமுதாயக் கூடத்தில் நெருக்கி உட்கார்ந்து பின்னும்போது பக்கத்தில் இருப்பவளின் முழங்கை என்மேல் இடிக்கும். அதற்காகப் போனேன்.

ஆற்றில் உப்பு ஏறாத இடமாகப் பார்த்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அறுப்போம். வேரையும் இலையையும் கழித்துவிட்டுத் தண்டை மணலில் பரப்புவோம். பக்கத்து அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து படியும்; உதறி உதறிக் காயவைப்போம். ஒருமுறை தண்டெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது.

"உப்புத்தண்ணில ஊறவெச்சி காயப்போடுங்கமே. கருவாடு இன்னா கெட்டா பூடுது?" என்றேன்.

"கத்துக்குடுத்தவங்க அப்டி சொல்லலியேக்கா," என்றாள் என் எதிர்வீட்டுக்காரி.

"அவங்களுக்கு இன்னா தெரியும்? நான் பாக்காத உப்பா?"

நம்பினார்கள். சித்திரை வெயிலில் தண்டு சலசலவென்று காய்ந்தது. பைகளும் அழகாக வந்தன. நகரத்துக் கடை ஒன்று மொத்தத்தையும் எடுத்துக்கொண்டது. ஐப்பசியில் எல்லாம் திரும்பி வந்தன. ஈரக்காற்று பட்டதும் உப்பு கசிந்து, பைகள் வியர்த்து ஒழுகியிருந்தன. மழைக்காலத்தில் கருவாடும் அப்படித்தான் நமத்துப்போகும். அது என்னைவிட யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்?

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, மறுநாள் வழக்கம்போலப் போய் உட்கார்ந்திருப்பேன். மறுநாள் கூடம் பூட்டிக் கிடந்தது. திரும்பி வரும்போது எதிர்வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. வாசலில் எனக்குப் பழக்கமான செருப்புகள் அத்தனையும் கிடந்தன. கூடத்து வேலைக்கென்று எடுத்துப்போன தண்டு நறுக்கும் கத்தியை முந்தானையில் மறைத்துக்கொண்டு என் வீட்டுக்குள் நுழைந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

திரும்பி வந்ததில் ஒரு பையை நான் வைத்துக்கொண்டேன். இன்னும் ஆணியில் தொங்குகிறது. மழைக்கு முன்னால் தொட்டால் பிசுபிசுக்கும். உடனே வாசலில் காயும் கருவாட்டை அள்ளுவேன். வானம் வெளுத்திருந்தாலும் சரி, என்னைப் பார்த்ததும் எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து தன் துணிகளைக் கொடியிலிருந்து உருவுவாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தவறியதில்லை. "மழை வருமாக்கா?" என்று மட்டும் அவள் கேட்டதே இல்லை.