கோப்பி ஓ ஏறிய பேருந்து

முன்சக்கரத்தில் உள்ளங்கையால் மூன்று தட்டு. கண்ணாடியில் தொங்கும் முருகனுக்கு ஒரு கும்பிடு. பிறகு பின்பக்கம் திரும்பி ஓர் அறிவிப்பு: "யாராச்சும் தும்மணும்னா இப்பவே தும்மிக்குங்க. வண்டி எடுத்தப்புறம் ஒருத்தரும் தும்மக்கூடாது." காலை ஐந்து நாற்பதுக்கு இத்தனையும் முடியாமல் காளியப்பனின் தொழிற்சாலைப் பேருந்து ரெங்கம் ஊரை விட்டு ஓர் அங்குலம் நகராது.

பேருந்தில் முப்பத்தொரு பெண்கள். குளுவாங்கில் உள்ள மின்சாதனத் தொழிற்சாலையின் வாசலில் ஆறு ஐம்பதுக்குள் அவர்களை இறக்கிவிட வேண்டும். பத்தொன்பது வருடங்களாக இதே தடம்தான். காளியப்பனுக்கு வயது ஐம்பத்தெட்டு. மீசைக்கு மட்டும் மை பூசுவார், தலையை அதன் போக்கில் விட்டுவிட்டார். எதிரே யார் வருகிறார்கள், பல்லி எந்த மூலையில் சொல்கிறது என்று பார்த்துப் பார்த்தே கழுத்து சற்றுக் கோணிவிட்டது என்று அவர் மனைவி ராஜம்மா சொல்வார். கல்யாணமான இருபத்தொன்பது வருடத்தில் அந்த அம்மாள் ஒருநாளும் அவரிடம் "எங்க போறீங்க" என்று கேட்டதில்லை. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று முதலிரவிலேயே காளியப்பன் சொல்லி வைத்துவிட்டாராம். "எப்ப வருவீங்க" என்று மட்டும் கேட்டுக்கொள்வார்.

கறுப்புப் பூனைக்கு மட்டும் தனிச் சட்டம். குறுக்கே போனால் இன்ஜினை நிறுத்த வேண்டும். இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் நீலப் போத்தலை எடுத்து மூன்று மடக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு வேறொரு வண்டி அந்த இடத்தைக் கடக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் போத்தல் அதற்கு மட்டும்தான். விக்கல் எடுத்துக் கண்ணில் தண்ணீர் வந்தாலும் மனுஷன் அதைத் தொடமாட்டார்.

சோதனையாக, செம்பனைத் தோட்டத்தின் ஓரம் ஊருக்கே அக்காவான கக் சல்மா தேங்காய்ப்பால் சோறு விற்கும் நாசி லெமாக் கடை இருக்கிறது. கடைக்கு ஒரு பூனை உண்டு. கறுப்பென்றால் அண்டங்காக்கைக் கறுப்பு. பால் கலக்காத காப்பியின் பெயரையே சல்மா அதற்கு வைத்திருந்தார்: கோப்பி ஓ. காலை ஐந்து ஐம்பதுக்கு நெத்திலி வறுக்கிற வாசம் எழும்பும். அதே நேரத்துக்கு எதிர்ப்பக்கத்துப் புதரிலிருந்து கோப்பி ஓ சாலையைக் கடக்கும். அதே நேரத்துக்குத்தான் காளியப்பனின் பேருந்தும் வந்து சேரும். அந்த வேளையில் அந்தச் சாலையில் வேறொரு வண்டி கிடைப்பதற்குத் தவம் செய்திருக்க வேண்டும்.

"குச்சிங்தானே, வெறும் பூனைதானே, காளி. புலி இல்லையே," என்பார் சல்மா. தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், தமிழ் தடையில்லாமல் வரும்.

"புலின்னா நான் பாட்டுக்குப் போயிருவேன் கக்," என்பார் காளியப்பன்.

போன வருடம் ஒருநாள் எதிரே ஒரு வண்டி வரத்தான் வந்தது. காளியப்பன் முகம் மலர்ந்துபோனார். செம்பனைக் குலை ஏற்றப் போகும் லாரி அது. ஓட்டி வந்தவன் ஜீவன். பெக்கோக்கில் பிறந்து, அதே சாஸ்திரத்தைப் பாலோடு குடித்து வளர்ந்தவன். பூனையை அவனும் பார்த்துவிட்டான். முப்பதடி தள்ளி லாரி நின்றது. இவர் விளக்கை இரண்டு தடவை அடித்தார். அவன் மூன்று தடவை அடித்தான். கடைசியில் இரண்டு பேரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள்.

"நீ போய்யா மொதல்ல. லோரி பெரிசு, தாங்கும்."

"நீங்க போங்கண்ணே. முப்பத்தோரு பொம்பளைங்க புண்ணியம் இருக்கு உங்களுக்கு. நான் ஒண்டி ஆளு லா."

பெண்கள் இறங்கிப் பசியாறிவிட்டார்கள். சிலர் பொட்டலமும் கட்டிக்கொண்டார்கள். கோப்பி ஓ இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து நிதானமாகக் காதைக் கழுவிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் காய்கறிக் கூடையோடு ஒரு சீனப் பெரியவர் மோட்டார்சைக்கிளில் வந்து, யாரையும் பார்க்காமல் நடுவே புகுந்து போனார். இரண்டு ஓட்டுநர்களும் அவர் முதுகைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அவர் தலையில் என்ன வந்து விடிந்ததோ, தெரியவில்லை.

அன்று தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. இது இரண்டாவது தாமதம், மூன்றாவது வந்தால் தடம் வேறு பேருந்துக்குப் போகும் என்று அதில் இருந்தது. ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பழகாத கை காளியப்பனுடையது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று பேருந்துக்குள்ளேயே கூட்டம் நடந்தது. சீக்கிரம் கிளம்பலாம் என்றாள் ஒருத்தி. சீக்கிரம் கிளம்பினால் ராகுகாலமோ எமகண்டமோ ஏதாவது ஒன்று இடிக்கும் என்றார் அவர்.

மறுநாள் கடைக்கு ஐம்பது மீட்டர் முன்பாகவே வண்டியை நிறுத்தினார். இறங்கிப் புதர்ப் பக்கம் நடந்தார். திரும்பி வரும்போது துண்டுக்குள் கோப்பி ஓ இருந்தது. கொண்டுவந்து தன் பக்கத்தில், சூடான இன்ஜின் மூடியின் மேல் உட்கார வைத்தார்.

முன் இருக்கையில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்து வரும் மலர் வாய்பிளந்து பார்த்தாள். "அண்ணே, சகுனமே வண்டியில ஏறி வந்தா பரவால்லையா?"

"குறுக்க போனாத்தாம்மா சகுனம். கூட வந்தா பாசெஞ்சர்."

இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அன்று முதல் கோப்பி ஓ குளுவாங் வரை போய், திரும்புகாலில் சல்மாவின் கடையில் இறங்கிக்கொள்ளும். காளியப்பன் அதைத் "தம்பி" என்று கூப்பிட்டார். தம்பிக்காக வளைவில் பிரேக்கை மெல்ல மிதித்தார். தம்பிக்குப் பிடிக்காதென்று வானொலியைத் தணித்தார். சார்டின் டின் ஏன் இத்தனை சீக்கிரம் தீர்கிறது என்று ராஜம்மாவுக்கு வெகுநாள் புரியவில்லை. எட்டு மாதத்தில் ஒரு நிமிடத் தாமதம்கூட இல்லை.

"கறுப்புன்னா சும்மா கறுப்புன்னு நெனச்சியா?" என்று மலரிடம் ஒருநாள் தம்பியைத் தூக்கி வெயிலில் காட்டினார். "நல்லாப் பாரு. கோப்பி மாதிரி உள்ளுக்குள்ள செவப்பு அடிக்கும். கண்ணு ரெண்டும் தங்கம். இத மாதிரி ஒரு சட்டை கடையில கெடைக்குமா?" அதற்காகச் சட்டம் தளர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வெளியே குறுக்கே போனால் தம்பியானாலும் சகுனம் சகுனம்தான், அதில் சலுகை கிடையாது என்று அவரே சொல்லியிருக்கிறார். தம்பி கொஞ்ச நாளாக உருண்டு திரண்டு வந்ததற்குச் சார்டினைத்தான் காரணம் சொன்னார்.

போன வாரம் நான்கு நாள் தம்பியைக் காணவில்லை. காளியப்பன் மீசைக்கு மை பூசவில்லை. தும்மல் அறிவிப்பைக்கூட மறந்துபோனார். மலர் இரண்டு தடவை தும்மியும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் பெண்களுக்கு விஷயத்தின் தீவிரம் புரிந்தது.

திங்கட்கிழமை விடியற்காலையில் மழை கொட்டித் தீர்த்திருந்தது. எதிர்ப்பக்கத்துப் புதரை ஒட்டிய கால்வாய் நிரம்பி வழிந்தது. கடையை நெருங்கும்போது விளக்கு வெளிச்சத்தில் கோப்பி ஓ தெரிந்தது. வாயில் ஏதோ தொங்கியது. சாலையைக் கடந்து கடைக்கடியில் புகுந்தது. காளியப்பன் வண்டியை நிறுத்தினார்.

"குட்டி அண்ணே," என்றாள் மலர். "தம்பி இல்ல, தங்கச்சி."

பேருந்தே சிரித்தது. பூனை திரும்பி ஓடி வந்து எதிர்ப்பக்கம் இறங்கியது.

"போனது திரும்பி வந்திருச்சு. கழிஞ்சி போச்சு, எடுங்கண்ணே," என்றாள் மலர். அவர் எடுக்கவில்லை. இரண்டாவது குட்டியோடு பூனை மறுபடி கடந்தது. மறுபடி திரும்பியது. பின்னால் பெண்கள் பூனை கடந்த தடவைகளை மூணு, நாலு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். காளியப்பன் எண்ணவில்லை. இந்த இருட்டில் இந்தக் கறுப்பு எவன் கண்ணுக்கும் தெரியாது, நம்ம விளக்கு போனால் இதுக்கு வெளிச்சம் இல்லை என்பது மட்டும்தான் அவர் புத்தியில் நின்றது.

"மணி ஆறு அஞ்சுண்ணே. இப்ப எடுத்தாத்தான் உண்டு. மூணாவது தடவ லேட்டாயிரும்ணே," என்றாள் மலர்.

"தெரியும்மா."

தூரத்தில் இரண்டு விளக்குகள் தெரிந்தன. ஜீவனின் லாரி நல்ல வேகத்தில் வந்தது. கோப்பி ஓ மூன்றாவது குட்டியைக் கவ்விக்கொண்டு சாலை விளிம்பில் ஏறியது. காளியப்பன் கதவைத் திறந்து குதித்தார். நடுச்சாலையில் காலை அகட்டி நின்று இரண்டு கையையும் நீட்டினார். லாரி கிறீச்சிட்டு நின்றது.

ஜீவன் தலையை நீட்டினான். "அலமாக், அண்ணே, கறுப்புப் பூன குறுக்க போவுது, பாக்கலையா?"

"பாத்துக்கிட்டுத்தாண்டா நிக்கிறேன். மெதுவா போவட்டும்."

அது மெதுவாகவே போனது. அவர் இரண்டு கால்களுக்கும் இடையில் புகுந்து, நனைந்த வாலால் உரசிவிட்டுக் கடைக்கடியில் போய்ப் படுத்தது. மணி ஆறு பன்னிரண்டு. முப்பத்தொரு பெண்களும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

காளியப்பன் பேருந்தில் ஏறினார். நீலப் போத்தலை எடுத்தார். வழக்கமான மூன்று மடக்குதான் என்று மலர் நினைத்தாள். அவர் குடிக்கவில்லை. போத்தலோடு இறங்கிப் போய்க் கடைக்கடியில் மண்டியிட்டு, மூடியில் தண்ணீரை ஊற்றி, பூனையின் வாய்க்கருகே பிடித்துக்கொண்டார்.